ஒரே நாளில் சேர்ந்தவர்கள்

எங்கள் சங்க அலுவலகத்தில் யாராவது "சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டால் போதும், செவ்வந்திக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். ஒரு தடவை சுரங்க கேட் பாஸ் புதுப்பிக்க வந்தவரிடம் முன் மேசையில் இருந்தவர் அப்படிச் சொல்லப்போக, இவள் உள்ளேயிருந்து எழுந்து வந்து நின்றாள். "சிஸ்டம் ஒண்ணும் மாட்டேங்கலைங்க. மாட்டேன்னு சொல்லச் சொல்லி நாமதான் அதுக்குச் சொல்லி வெச்சிருக்கோம். இன்னா ஏதுன்னு பாத்துட்டு வரேன், ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்றாள். பழைய பாஸ் எண்ணையும் புது எண்ணையும் யாரோ ஒரே கட்டத்தில் போட்டு வைத்திருந்தார்கள். அதைச் சரி செய்து பாஸை அவர் கையில் கொடுத்த பிறகுதான் சாப்பிடப் போனாள்.

நான் கமலா. அதே அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள். என் மேசைக்கும் அவள் மேசைக்கும் நடுவில் ஒரு தண்ணீர்க் கேன் நிற்கிற இடைவெளிதான். அதனால் அவளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு என்று நானே முடிவு செய்துகொண்டேன். பாராட்டி எழுதுவது எனக்கு லேசில் வராது. எங்கள் சிவகாசிப் பக்கத்தில் ஒருவரைப் பிடித்திருந்தால் திட்டித்தான் காட்டுவோம். செவ்வந்தி விஷயத்தில் மட்டும் அந்த வழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன்.

சங்கம் என்றால் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம். நெய்வேலி சுரங்கத்துக்கு ஆள் அனுப்புவது அதன் வேலை. நிலக்கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை அள்ளிப் போடுகிறவர்கள், பம்ப் பார்க்கிறவர்கள், நகரியத்து பிளாக்குகளில் தெரு பெருக்குகிறவர்கள், எல்லாரும் எங்களிடம் உறுப்பினர்கள். செவ்வந்தி அங்கே கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றுதான் பெயர்ப் பலகை சொல்கிறது. ஆள் அவள் ஒருத்திதான்.

மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. அம்மா வீராயி அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டு இவளைப் படிக்க வைத்தவர். சுரங்கம் வந்தபோது நிலம் இருந்தவர்களுக்கு நிலத்துக்கு உண்டானது கிடைத்தது. நிலத்தில் வேலை செய்தவர்கள் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். செவ்வந்தி தபால் வழியில் பட்டம் வாங்கி, டேட்டா என்ட்ரிக்கு என்று சங்கத்துக்குள் வந்தாள். புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் ஒருநாள் வெளிநாடு போய்விட்டார். அவர் விட்டுப்போனதை இவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டாள். தெரியாததை யாரிடம் வேண்டுமானாலும் கேட்பாள். கேட்பதில் வெட்கமே கிடையாது. பதில் புரியவில்லை என்றால் புரிகிற வரைக்கும் ஆளை விடவும் மாட்டாள்.

அவள் வேலை பார்க்கிற விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் ஏதாவது மாற்றம் செய்தால் மற்றவர்கள் மொத்தத்தைச் சரி பார்ப்பார்கள். முன்பு எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேர் இப்போதும் இருந்தால் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுவார்கள். செவ்வந்தி அதையும் பார்ப்பாள், அதற்கு மேல் தனக்குத் தெரிந்த ஆட்களாகத் தேடிப் பார்ப்பாள். டீக்கடைக்குப் பின்னால் குடியிருக்கிறவர், போன வாரம் கையில் கட்டோடு வந்தவர், எப்போதும் சண்டைக்கு நிற்கிற வீரம்மாள் என்று ஒவ்வொருவராக எடுத்து, அவர்களுடைய விவரம் அவர்களோடுதான் இருக்கிறதா என்று பார்ப்பாள். "மொத்தம் சரியா இருந்தா கணக்கு சரிக்கா. ஆளு சரியான்னு ஆளைப் பாத்தாதானே தெரியும்?" என்பாள். கணக்குப் பார்க்கிற என்னிடமே இப்படிச் சொல்வாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

அவள் கணவர் ஜெயமூர்த்தி சுரங்கத்தில் பெல்ட் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கான்ட்ராக்ட், இன்றைக்கும் கான்ட்ராக்ட். நெய்வேலியில் இந்தச் சொல்லுக்கும் பெர்மனென்ட் என்ற சொல்லுக்கும் நடுவில் இருக்கிற தூரம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஒரே பெல்ட், ஒரே தூசி, ஒரே ஷிப்ட். ஒருவர் வேலை முடிந்து மரநிழல் போட்ட தெருவில் இருக்கிற குவார்ட்டர்ஸுக்குப் போவார். இன்னொருவர் வாடகை வீட்டுக்குப் போவார், அடுத்த வருடம் ஒப்பந்தம் நீளுமா என்று யோசித்துக்கொண்டு. என் கணவர் பெர்மனென்ட். நான் குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறேன். செவ்வந்தி ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது பின்பக்கத்து மாமரத்தடியில் நின்று, "எங்க வூட்டுக்காரரு இந்த மாதிரி ஒரு மரத்தடியில கட்டில் போட்டுப் படுக்கணும்னு சொல்லிகினே இருப்பாரு" என்றாள். கேட்டதும் எனக்கு என் மாமரத்தின் மேலேயே கோபம் வந்தது.

பெர்மனென்ட் ஆக வழி சீனியாரிட்டிதான். யார் முதலில் சேர்ந்தாரோ அவர் முன்னால். இதில் ஒரு சிக்கல் உண்டு. சுரங்கத்தில் பெரிய வேலை ஒன்று தொடங்கிய சமயம், ஒரே நாளில் ஏகப்பட்ட பேரை எங்கள் சங்கத்தில் சேர்த்தார்கள். ஜெயமூர்த்தியும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர்தான். எல்லாருக்கும் சேர்ந்த தேதி ஒன்று. அப்படியானால் அவர்களுக்குள் யார் முன், யார் பின்? இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. பட்டியல் எடுத்தால் அந்த நாள்காரர்கள் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு மாதிரி பெயர் வரிசையில் வந்து நிற்பார்கள். அகரத்தில் ஆரம்பிக்கிறவர் முதலில், ககரம் அப்புறம், சகரம் அப்புறம். ஜகரத்தில் ஆரம்பிக்கிற ஜெயமூர்த்தி எல்லாத் தமிழ் எழுத்துகளும் முடிந்த பிறகு கடைசியில். சின்ன வயதிலிருந்து எல்லாரும் பழகின வரிசை அது என்பதால் அதுதான் சட்டம் என்றே நினைத்துவிட்டோம். நானும்தான்.

போன வருடம் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அது விண்டோஸில் ஓடிய பெட்டி. அதைத் தூக்கிவிட்டு லினக்ஸில் ஓடுகிற புது சர்வர் வைப்பது என்று கமிட்டியில் முடிவானது. சென்னையிலிருந்து வெங்கடேஷ் என்ற இன்ஜினியர் வந்தார். கெட்டிக்காரர், சிரித்த முகம். செவ்வந்தியும் அவரும் சேர்ந்து தரவுகள் அத்தனையையும் பழைய பெட்டியிலிருந்து புதியதற்கு மாற்றினார்கள். ஒரு பெயர் தவறவில்லை, ஒரு எழுத்து உடையவில்லை. செவ்வந்தி வழக்கம்போல் தன் ஆட்களைத் தேடிப் பார்த்தாள். எல்லாரும் அவரவர் விவரத்தோடு பத்திரமாக இருந்தார்கள். வெங்கடேஷ் ஊருக்குப் போனார்.

அதற்குப் பிறகுதான் சுரங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சீனியாரிட்டியில் மேலேயிருந்து இத்தனை பேரை நிரந்தரப் பணிக்கு அனுப்புங்கள் என்று. செவ்வந்தி பட்டியல் எடுத்தாள். அவர்கள் கேட்ட எண்ணிக்கை அந்த ஒரே நாள் கூட்டத்தின் நடுவில் வந்து முடிந்தது. அவள் திரையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி, கரண்ட் போன மாதிரி உட்கார்ந்திருக்கே?" என்றேன்.

"அக்கா, எங்க வூட்டுக்காரரு பேரு வந்துகிது."

நான் எழுந்தே விட்டேன். "அடி சக்கை! ஸ்வீட் எங்கே?"

"வராதுக்கா. வரக்கூடாது. அவரு கடைசி ஆளு. இங்க சகரத்துக்குப் பக்கத்துல வந்து நிக்கறாரு."

ஜெயமூர்த்தி உள்ளே வந்ததால் அவருக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாரும் ஒரு படி இறங்கியிருந்தார்கள். மற்றவர்களுக்கு அதனால் ஒன்றுமில்லை. ஒரே ஒருவர் மட்டும் கேட்ட எண்ணிக்கையைத் தாண்டி வெளியே போயிருந்தார். அவர் நெடுமாறன். ஜெயமூர்த்தியோடு ஒரே பெல்ட்டில் வேலை செய்கிறவர், ஒரே தெருக்காரர். பழைய வரிசையில் உள்ளே வரவேண்டிய கடைசிப் பெயர் அவருடையது.

செவ்வந்தி உடனே வெங்கடேஷுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தரவுல தப்பு இல்லக்கா. அடுக்கறதுலதான் வித்தியாசம். பழைய மெஷின்ல தமிழ்னு மொழி சொல்லி வெச்சிருந்தாங்க. அதனால அகராதியில இருக்கற மாதிரி அடுக்குச்சு, ஜ எல்லாம் கடைசியில. புதுசுல நான் மொழி எதுவும் சொல்லாம விட்டுட்டேன். கம்ப்யூட்டருக்குள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் இருக்கு, மொழி சொல்லலைன்னா அது நம்பர்படி அடுக்கிடும். அந்த நம்பர்ல ச-வுக்கு அடுத்தாப்புல ஜ இருக்கு. அவ்வளவுதான். ஒரு வரி மாத்தினா பழையபடி வந்துடும். உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க, அதை வெச்சுத் தரேன்."

"எது சரிங்க சார்?"

"ரெண்டும் தப்பில்லக்கா. உங்க சங்கத்து விதி எதுவோ அது சரி."

செவ்வந்தி விதிப் புத்தகத்தை எடுத்து வந்து என் மேசை மேலேயே பிரித்தாள். சேர்ந்த தேதிப்படி என்று இருந்தது. தேதி ஒன்றாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருடமாக யார் முன் யார் பின் என்று முடிவு செய்தது சங்கம் இல்லை, கமிட்டி இல்லை. அந்தப் பழைய பெட்டியில் யாரோ எப்போதோ செய்துவைத்த ஏற்பாடு. பெட்டியை மாற்றினோம், ஆள் மாறிவிட்டார். இவ்வளவுதான் நடந்தது.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சொல்லிவிடுகிறேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு பட்டியலை அனுப்பியிருப்பேன். திருட்டு இல்லை, பொய் இல்லை, விதியிலும் குற்றமில்லை. கணவருக்கு வேலை நிரந்தரம். பிள்ளையார் கோயிலில் ஒரு சிதறு தேங்காயோடு விஷயம் முடிந்தது. இதை அவளிடமே சொன்னேன். அவள் தலையாட்டவில்லை. சரி, மனசு ஒப்பவில்லை என்றால் சத்தம் போடாமல் பழைய வரிசைக்கே மாற்றிவிடு, அதுவும் யாருக்கும் தெரியாது என்றேன்.

"அப்ப அவரை வெளிய தள்ளினது நான்தானேக்கா? வந்த பேரை நானே எடுத்துட்டு, நாளைக்கு அவரு தட்டுல சோத்தைப் போடும்போது மூஞ்சை எங்க வெச்சிக்கிறது? விட்டா அந்த மனுசனுக்குத் துரோகம், மாத்தினா இந்த மனுசனுக்கு."

பட்டியலை அனுப்பாமலேயே எழுந்து செயலாளர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். போகாமல் இருக்க முடியுமா?

செயலாளர் ராயப்பன் நெல்லிக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். நல்ல மனுஷர், சண்டை என்றால் மட்டும் ஒதுங்கிக்கொள்வார். முழுக்கக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீட்டுக்காரருக்கு வந்திருக்கு. அதைக் கெடுக்க நீங்களே வர்றீங்களாம்மா? வந்ததை அனுப்பிடுங்க" என்றார்.

"கெடுக்க வரலைங்க சார். யாரு உள்ள, யாரு வெளியன்னு இப்ப என் விரல்ல இருக்குது. ஒரு வரி தட்டினா அவரு, தட்டாம வுட்டா இவரு. அந்த அதிகாரத்தை எனக்கு யாரும் குடுக்கல. எனக்கு அது வேணாம். ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுங்க."

"பேசினா பிரச்சினை வரும்மா."

"பேசலைன்னாலும் பிரச்சினை இருக்குதுங்க சார். நமக்கு மட்டும் தெரிஞ்சிகினு இருக்கும்."

ராயப்பன் அடுத்த வாரம் இருவரையும் வரச் சொல்வதாக ஒத்துக்கொண்டார். செவ்வந்தி அன்று மாலை வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நடந்ததை மறுநாள் என்னிடம் கீபோர்டு மேலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். ஜெயமூர்த்தி கேட்டது ஒரே கேள்விதானாம். "நீ சும்மா இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?" "உங்க பேரு போயிருக்கும்." "அப்ப ஏன் சும்மா இல்ல?" அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது.

"அவரு கேட்டதுல தப்பே இல்லக்கா" என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அவள் மேல் வந்தது கோபமா பாசமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "இந்த வீம்புக்கு நீ நல்லா அனுபவிக்கப் போறே" என்று மட்டும் சொன்னேன். அந்த வாரம் முழுக்க அவள் வேலையில் ஒரு குறை இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் அதே பொறுமையோடு பதில் சொன்னாள்.

குறித்த நாளில் முதல் ஷிப்ட் முடிந்து இருவரும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். முகமெல்லாம் பழுப்புத் தூசி. ராயப்பன் அறையில் நாங்கள் ஐந்து பேர். செவ்வந்தி திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். கணவரையும் மற்றவரைப் போலவே "ஜெயமூர்த்தி, இங்க பாருங்க" என்றுதான் கூப்பிட்டாள். பழைய வரிசை இது, புது வரிசை இது, இரண்டுக்கும் விதியில் ஆதாரம் கிடையாது என்று நிதானமாகச் சொன்னாள். எங்கேயும் குரல் நடுங்கவில்லை.

நெடுமாறன் அதிகம் பேசாத மனுஷர். தோளில் கிடந்த துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, "எப்பவும் இருந்த மாதிரி இருக்கட்டும்னு நான் சொன்னா, எனக்கோசரம் பேசறேன்னுவீங்க. நான் இன்னா சொல்றது?" என்றார்.

"புதுசுல என் பேரு வந்துகிது. நான் ஒண்ணும் திருடிப் போடல" என்றார் ஜெயமூர்த்தி. அவர் மனைவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"யாரும் திருடலைங்க" என்றாள் செவ்வந்தி.

ராயப்பனுக்கு வியர்த்துவிட்டது. "வயசுல மூத்தவர் முன்னாடின்னு வெச்சிக்கலாமா? அவருக்குத்தானே ரிட்டயர்மென்ட் சீக்கிரம் வரும். அது நியாயம்தானே?" என்றார். இருவரும் தலையாட்டினார்கள். செவ்வந்தி பிறந்த தேதியை எடுத்தாள். இரண்டு பேருக்கும் அதே நாள், அதே மாதம், அதே வருடம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடம் சேர்க்க வரும் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி தெரியாவிட்டால் தலைமையாசிரியரே ஒன்றைப் போட்டுவிடுவார். இவர்களுடைய ஊர்த் தலைமையாசிரியர் சோம்பேறி போலிருக்கிறது, பெரிய பிள்ளை, சின்னப் பிள்ளை என்று பார்க்காமல் அன்றைக்குச் சேர்ந்த அத்தனை பேரையும் ஒரே நாளில் பிறக்க வைத்துவிட்டார்.

"நிஜத்துல யாருப்பா மூத்தவர்?" என்று ராயப்பன் கேட்டார்.

நெடுமாறன் துண்டைப் பார்த்தார். "காயிதத்துல இருக்கறதுதானுங்க சார் கணக்கு. நான் வாயால சொன்னா ஆச்சா?"

ஜெயமூர்த்தி மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். செவ்வந்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரே தெருவில் வாழ்கிறவளுக்கு யார் மூத்தவர் என்று தெரியாமலா இருக்கும்? ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் தான் இல்லை என்று அவள் முடிவு செய்துவிட்டது எனக்குப் புரிந்தது. தன் கையில் இருந்ததை எல்லாம் அவள் ஏற்கெனவே மேசை மேல் வைத்துவிட்டாள். மிச்சம் இருந்தது அவர் கையில்.

"சரி, சீட்டுப் போட்டுடலாம். சாமி யாருக்கு விட்டிருக்கோ அவருக்கு" என்றார் ராயப்பன். அவருக்கு இதில்தான் நிம்மதி. நான் இரண்டு துண்டுத் தாளில் இரண்டு பெயரையும் எழுதி மடித்து, தண்ணீர் குடிக்கிற டம்ளரில் போட்டுக் குலுக்கி மேசை நடுவில் வைத்தேன். இரண்டு குடும்பத்தின் வாழ்க்கை அந்த எவர்சில்வர் டம்ளருக்குள் கிடந்தது. இருவரும் எடுக்கத் தயங்கினார்கள்.

"யாராவது எடுங்கப்பா" என்றார் ராயப்பன்.

"அண்ணன் எடுக்கட்டும் சார். பெரியவரு இருக்கும்போது நான் எப்பிடி எடுக்கறது?" என்றார் ஜெயமூர்த்தி.

நெடுமாறனின் கை டம்ளருக்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. தான் என்ன சொன்னோம் என்பது ஜெயமூர்த்திக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் மாறியது. ராயப்பனுக்கும் மெதுவாகப் புரிந்தது. அவர் இரக்கப்பட்டு ஒரு கதவைத் திறந்து கொடுத்தார். "மரியாதைக்கு எல்லாரையும் அண்ணன்னு சொல்றதுதானேப்பா. அதை எல்லாம் கணக்குல எடுக்க வேண்டாம். சீட்டை எடுங்க."

ஜெயமூர்த்தி மனைவியைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. ஒரு பார்வையால்கூட அவரைத் தள்ள அவள் விரும்பவில்லை. விரல்கள் கீபோர்டு மேல் அசையாமல் இருந்தன. சொல்லாதே, ஆமாம் மரியாதைக்குத்தான் என்று சொல்லிவிட்டுச் சீட்டை எடுக்க விடு என்று மனசுக்குள் கத்தினேன். அவருக்கும் சரிபாதி வாய்ப்பு அந்த டம்ளரில் இருந்தது.

"மரியாதைக்கு இல்ல சார்" என்றார் ஜெயமூர்த்தி. "நான் தவழ்ந்துகினு இருக்கும்போது என்னை இடுப்புல தூக்கிகினு திரிஞ்சவரு இவரு. காயிதத்துல ஒண்ணா இருந்தா இருக்கட்டும்." டம்ளரை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். "செவ்வந்தி, அண்ணன் பேரைப் போட்டுடு."

நெடுமாறன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். செவ்வந்தி நிமிர்ந்து, "ரெண்டு பேருக்கும் சம்மதம்தானுங்களா?" என்று கேட்டாள். இந்த முறை குரல் உடைந்துவிட்டது. அலுவலக முறைப்படி பதில் வரும் வரை காத்திருந்து, வந்த பிறகுதான் தட்டினாள். பட்டியல் போனது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அவள் எழுதிக் கொடுத்த விதி ஒரு எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறியது. ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்கு இனிமேல் பட்டியலில் ஒரே எண்தான். எந்த மெஷினில் எடுத்தாலும், எந்த எழுத்தில் பெயர் ஆரம்பித்தாலும், அந்த எண் மாறாது. அவர்களுக்குள் ஒருவரைப் பிரிக்க வேண்டி வந்தால் சம்பந்தப்பட்டவர்களை உட்கார வைத்துப் பேசித்தான் பிரிக்க வேண்டும். வெங்கடேஷ் இதைக் கேட்டுவிட்டு, தன் மற்ற வாடிக்கையாளர்களிடமும் முதலில் அடுக்கும் முறையைத்தான் இப்போது கேட்கிறாராம்.

நெடுமாறன் இன்று பெர்மனென்ட். குவார்ட்டர்ஸ் வந்துவிட்டது. ஜெயமூர்த்தி இன்னும் கான்ட்ராக்ட், அடுத்த கடிதம் எப்போது வரும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. நல்லது செய்தவருக்கு நல்லது நடந்தது என்று எழுதி முடிக்கத்தான் எனக்கும் ஆசை. அப்படி நடக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

போன வாரம் மனைவியைக் கூட்டிப்போக வந்த ஜெயமூர்த்தி எங்கள் வாசலில் இருக்கிற டீக்கடையில் நின்றிருந்தார். நானும் செவ்வந்தியும் படியில் இறங்கிக்கொண்டிருந்தோம். உடன் வேலை செய்கிற ஒருவன் அவரைச் சீண்டினான். "இன்னாபா, வூட்டுக்காரம்மா கையில கம்ப்யூட்டர் இருந்தும் உனக்கு ஒண்ணும் ஆவலையே?"

செவ்வந்தி படியிலேயே நின்றுவிட்டாள். ஜெயமூர்த்தி டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். கிளாஸை மேடை மேல் வைத்தார்.

"அவ கையில இருந்ததாலதான்டா எங்க அண்ணனுக்கு ஆச்சு" என்றார்.